முந்நூற்றுப் பதினைந்து

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் கேட்ட முதல் கேள்வி நிலத்தைப் பற்றியதல்ல, துப்பாக்கியைப் பற்றியது. "அந்த த்ரீ ஒன் ஃபைவ குடுத்துட்டு தேர்ட்டி நாட் சிக்ஸ் வாங்கிக்கலாமாம்மா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே."

எனக்கு இதெல்லாம் தெரியும் என்று அண்ணன் நம்புவதற்குக் காரணங்கள் இரண்டு. கல்லூரியில் மூன்று ஆண்டுகள் என்.சி.சி.யில் இருந்தவள் நான். பாயிண்ட் டூ டூ ரைபிளால் இருபத்தைந்து மீட்டரில் ஐந்து தோட்டாக்களை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கியதாக வீட்டில் ஒரு கதை உண்டு. (உண்மையில் நான்குதான். ஐந்தாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.) இரண்டாவது காரணம், ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் நான் படித்துத் தீர்த்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு ஆண்டர்சன் அயலார் அல்லர். 1954-இல் வந்த அவருடைய முதல் நூலின் முதல் கதையே எங்கள் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றியது.

ஆனால் அண்ணனின் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தமிழாசிரியைக்குத் துப்பாக்கிகளின் அளவுப் பெயர்களே முதல் தடங்கல். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று நன்னூலை வைத்து ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். .315 என்பது குழலின் உள்விட்டம், அங்குலத்தில், ஆகவே காரணப்பெயர். .30-06 என்பதில் .30 விட்டம், 06 என்பதோ அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906ஆம் ஆண்டு. .30-30 என்ற இன்னொன்றில் இரண்டாவது முப்பது, தொடக்கத்தில் அதில் இட்ட மருந்தின் எடை. அதோடு முடியவில்லை. குழலின் உட்புறம் திருகாக வெட்டப்பட்ட பள்ளங்கள் இருக்கின்றன. மேட்டிலிருந்து மேட்டுக்கு அளப்பவர் ஓர் எண்ணைச் சொல்வார், பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளப்பவர் வேறோர் எண்ணைச் சொல்வார். கார்பெட்டின் .275 ரிக்பியும் அமெரிக்கர்களின் .280 ரெமிங்டனும் சுடுவது ஒரே .284 அங்குலக் குண்டைத்தான். எண் பெரிதானால் பலம் பெரிது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். காரணம் தேய்ந்து இடுகுறியாகிப்போன பெயர்கள் இவை.

எங்கள் வீட்டு .315-க்கு மட்டும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் ராணுவத்தின் .303 தோட்டாவைக் குடிமக்கள் துப்பாக்கியில் போட முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள். படைமுகாமில் திருடுபோன தோட்டா ஊரான் கையில் வெடித்துவிடக் கூடாதே என்ற அச்சம். அந்த இடைவெளியில்தான் ஆஸ்திரியாவின் மான்லிக்கர் ராணுவத் தோட்டா .315 என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்தது. விடுதலைக்குப் பிறகும் ஏற்பாடு மாறவில்லை; .303 விலக்கப்பட்ட அளவாகவும் .315 அனுமதிக்கப்பட்ட அளவாகவும் நீடித்தன. இச்சாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 ரைபிள்களைச் செய்து தந்தது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதி நின்றபின், நடுத்தர விவசாயிக்குக் கட்டுப்படியாகும் ரைபிள் என்று எஞ்சியது பெரும்பாலும் இதுதான். அப்பா 1979-இலேயே வாங்கிவிட்டார். அவருக்கு அது தேர்வு அல்ல. சட்டமும் பணமும் சேர்ந்து விட்டுவைத்த எண் அது.

போல்ட் ரைபிள்களுக்குள் இரண்டு பெரும் மரபுகள் உண்டு. ஒன்று ஜெர்மானிய மாஸர், மற்றொன்று லீ. மாஸரில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் முன்பக்கம், தோட்டாவை ஒட்டியே இருக்கும். அதனால் பெரிய அழுத்தத்தைத் தாங்கும், குறியும் துல்லியம். பிடியை மேலே தூக்கும்போதே வில் இறுகிவிடும். லீயில் பூட்டு பின்பக்கம். பிடியைத் தூக்க வேண்டிய கோணம் குறைவு, ஓட்டம் வேகமானது, வில் இறுகுவது மட்டும் போல்ட்டை முன்னே தள்ளும்போது. "கடைசி ஒரு அங்குலத்துல கை கனக்கும் பாரு, அதுதான் இது சொல்ற எச்சரிக்கை" என்பார் அப்பா. இன்றைய மலிவான அமெரிக்க ரைபிள்கள் எல்லாம் மாஸரின் பேரப்பிள்ளைகள். .30-06 என்ற தோட்டாவே மாஸர் வழியில் பிறந்ததுதான். ஏறக்குறைய 11.7 கிராம் குண்டை நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் அனுப்பும். முந்நூறு மீட்டரில் மான் வேட்டையாட அனுமதியுள்ள நாட்டில் அண்ணனின் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். .315-இன் குண்டு கனமானது, மெதுவானது, சீக்கிரம் தாழ்ந்துவிடும். தோளில் உதைப்பதில் மட்டும் குறை வைக்காது.

ஆனால் பலம் என்பதுதான் என்ன? சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-ஐ ஒட்டி கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது அந்த .275 ரிக்பி, மாஸர் போல்ட் பூட்டியது. 1930-இல் சௌகட் பெண்புலி எட்டடி தூரத்தில் எதிர்ப்பட்டபோது அவருடைய இடக்கையில் பறவை முட்டைகள். வலக்கையில் இருந்த ரைபிளை ஒற்றைக் கையாலேயே மெல்ல, மிக மெல்லத் திருப்பிச் சுட்டார். கனத்த இரட்டைக்குழலாக இருந்திருந்தால் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும். போல்ட்டை மறுமுறை இழுக்க அங்கே நேரமும் இல்லை. அதே தோட்டாவால்தான் ஸ்காட்லாந்துக்காரரான பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர் அவர். அந்தத் திறமையை வியந்து படித்த வயதும் எனக்கு இருந்தது. இப்போது அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

ஏனென்றால் எங்கள் ஊரில் துப்பாக்கியின் மறுமுனையில் இருப்பதும் யானைதான். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து மந்தைகள் இறங்கும். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்த பெண்கள் இதணத்தில் ஏறித் தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டினார்கள் என்று வகுப்பில் சொல்லும்போது எனக்குள் ஒரு சிறு சிரிப்பு எழும். எங்கள் பரணில் தகர டப்பா, தீப்பந்தம், பட்டாசு. எல்லாம் தோற்றபின் அப்பாவின்.315. வானத்தை நோக்கி ஒரு வெடி. ஒரு நொடி காடே மூச்சடைத்து நிற்கும். பிறகு கேழ்வரகுத் தாள்கள் நெரிபடும் ஓசை மெதுவாக விலகிப் போகும். சில இரவுகளில் விலகாது.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு எதையும் சுடக் கூடாத துப்பாக்கி அது. அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். வானத்தைச் சுடுவதற்கு .315 என்ன, .30-06 என்ன? சத்தம் ஒன்றுதான். தேர்ட்டி நாட் சிக்ஸுக்குத் தோட்டா கிடைப்பதும் நம் பக்கத்தில் எளிதல்ல. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "போன வருஷம் ரெண்டு ஏக்கர் போச்சு. நீ காலேஜ்ல இருக்கே. பரண்ல படுக்கறது நான்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் குரலில் இருந்தது பேராசையல்ல, தூக்கமின்மை.

உரிமம் பெற்றவர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல்தோறும் அப்பா அதைச் சாக்குப் பையில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இம்முறை அண்ணனும் நானும் போனோம். கிளம்புமுன் பெட்டியைத் துழாவியதில் மூன்று தோட்டாக்களும் ஒரு நாற்பது பக்க நோட்டும் கிடைத்தன. தோட்டாக் கணக்கு. தேதி, எண்ணிக்கை, எதற்கு என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே சொல்: "மேலே". நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பா வானத்தைத்தான் சுட்டிருக்கிறார். 1996 தை மாதத்து வரியில் மட்டும் எண்ணிக்கை 2 என்று இருந்தது. மூன்றாவது கட்டம் காலி.

அந்த ஆண்டு நான் பள்ளி விடுதியில் இருந்தேன். பரணில் அப்பாவோடு படுத்தது அண்ணன். நோட்டை அவனிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"பன்னியா இருக்கும்" என்றான். நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கடைக்காரர் போல்ட்டை இழுத்துக் குழலைப் பார்க்கச் சொன்னார். அண்ணன் கையை நீட்டவில்லை, நான்தான் இழுத்தேன். உள்ளே வெளிச்சத்தில் திருகுப் பள்ளங்கள் கண்ணாடிபோல இருந்தன, அப்பா அவ்வளவு துடைத்திருக்கிறார். போல்ட்டைத் திருப்பித் தள்ளியபோது கடைசி அங்குலத்தில் கை கனத்தது. "வாரிசு யார் பேருக்குங்க அப்ளிகேஷன் போடறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு, "இப்ப இங்கயே இருக்கட்டுங்க" என்றான். அவர் பதிவேட்டில் அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் "காலமானார்" என்று எழுதி, அதற்குக் கீழே .315 என்று எழுதிக்கொண்டார்.