உப்புக் காற்றும் உத்தரவாதப் பத்திரமும்

வாய்ச்சொல் ஒன்றே போதும் என்றிருந்த காலம் போய், வாக்கை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. அச்சில் ஏறிய வாக்கு முன்னிலும் உறுதிப்பட வேண்டும் அல்லவா? நடப்பது வேறு. அச்சிட்ட வாக்கில் இருவித எழுத்துக்கள் இருக்கின்றன. பெரிய எழுத்தில் உள்ளவை, பொருளை வாங்குவதற்கு முன் நாம் படிப்பதற்கு. சிறிய எழுத்தில் உள்ளவை, பொருள் பழுதான பின் பிறர் நமக்குப் படித்துக் காட்டுவதற்கு. இந்த உண்மையை எனக்குப் போதித்த ஆசான் ஒரு மோட்டார் சைக்கிள்.

நான் வசிக்கும் ஊர் தூத்துக்குடி. ஒரு பக்கம் கடல், மற்றொரு பக்கம் உப்பளம். இவ்வூரில் விற்பனையான என் வண்டியின் எஞ்சினுக்கு அழகிய கறுப்பு வர்ணம் பூசியிருந்தார்கள். உத்தரவாதம் 3 ஆண்டுகள். 14-ஆம் மாதத்தில் அவ்வர்ணத்தில் சிறு சிறு கொப்புளங்கள் கண்டன. விரல் பட்டதும் வர்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் விபூதி போன்ற வெள்ளைப் பொடி. உதிராத இடங்களிலோ, வர்ணத்தின் கீழே புழு ஊர்ந்து சென்றாற்போல் மெல்லிய கோடுகள்.

வண்டியை ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஸார், இது கடற்கரை ஊர். உப்புக் காற்றுக்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்றார்.

"இது கடற்கரை ஊர் என்பது வண்டியை எனக்கு விற்ற அன்றைக்குத் தங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல், கம்பெனிக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் எழுதினார். அதன் பயனாக எனக்கு மூன்று கடிதங்கள் வந்தன. உப்புக் காற்றே காரணம் என்றது முதற் கடிதம். வண்டியை முறை தவறிக் கழுவியதே காரணம் என்றது இரண்டாவது. இது இயல்பான தேய்மானமே என்றது மூன்றாவது. ஒரு நோயாளிக்கு ஒரே வைத்தியர் மூன்று வெவ்வேறு நோய்களைச் சொன்னால், அவர் நாடியே பிடிக்கவில்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

நிற்க. எஞ்சினின் உறை அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டது. அலுமினியத்துக்கு இயற்கையே ஒரு கவசம் அளித்திருக்கிறது. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடுப் படலம் ஒன்று உண்டாகி உள்ளேயுள்ள உலோகத்தைக் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு இக்கவசத்தைத் துளைக்க வல்லது. ஆகையால்தான் அதன்மேல் வர்ணம் தேவைப்படுகிறது. ஆனால் வர்ணம் நேராக அலுமினியத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. முதலில் வார்ப்பின் எண்ணெய்ப் பசையை முற்றிலும் போக்க வேண்டும். பிறகு ரசாயனத்தால் உலோகத்தின் மேற்பரப்பைப் பக்குவம் செய்ய வேண்டும். அதற்கும் பிறகே அடிப்பூச்சும் மேற்பூச்சும். இதில் ஒரு படியைச் சுருக்கினாலும், வர்ணம் உலோகத்தோடு உறவு கொள்ளாமல் விருந்தாளியைப்போல் மேலே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது உறை சூடேறி விரிகிறது. நின்றபின் குளிர்ந்து சுருங்குகிறது. வர்ணம் மெலிந்துள்ள ஓரத்தில் ஈரமும் உப்பும் புகுகின்றன. உள்ளே விளையும் வெள்ளைப் பொடி, தான் தின்ற உலோகத்தைக் காட்டிலும் அதிக இடத்தை அடைப்பதால் வர்ணத்தை மேலே தூக்கிவிடுகிறது. எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பு நீர் தேங்கினால், இரண்டு உலோகங்களுக்கிடையே மின்சாரம் ஓடி அரிப்பு இன்னும் விரைவாகும்.

எனவே, குற்றம் யாருடையது என்பதை வர்ணத்தையே கேட்டு ஓரளவு அறிந்துகொள்ளலாம். கல் தெறித்ததானால் நடுவில் ஒரு காயம் இருக்கும். அரிப்பு அங்கிருந்து சுற்றிலும் பரவியிருக்கும். கடுமையான திராவகம் கலந்த திரவத்தால் கழுவியிருந்தால், அது வழிந்தோடிய தாரைகள் தெரியும். கல்லும் எட்டாத, தாரையும் இல்லாத இடத்தில், ஓரங்களிலும் மூலைகளிலும் வர்ணம் கொத்தாக எழும்பினால், பூச்சின் பிடிப்பிலேயே சந்தேகம் கொள்ள வேண்டும். என் வண்டியில் பெட்ரோல் தொட்டியின் நிழலில் மறைந்திருந்த பாகத்திலும் வர்ணம் எழும்பியிருந்தது. பூச்சைச் சோதிப்பதற்கு 5 சதவிகித உப்பு நீரை 35 டிகிரி வெப்பத்தில் பனிபோல் தூவிப் பார்க்கும் முறை தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக உண்டு. உப்புக் காற்று எவரும் எதிர்பாராத விபத்து என்று சொல்ல இடமில்லை.

1930-ஆம் ஆண்டை நாம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அதே ஆண்டில்தான் சரக்கு விற்பனைச் சட்டமும் பிறந்தது. ஒரு சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது, அச்சரக்கு விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அமைந்த நிபந்தனை என்கிறது அது. பின்னர் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதனிடத்தில் 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் அமலாயிற்று. அதன்படி, நாம் வசிக்கும் ஜில்லாவின் ஆணையத்திலேயே முறையிடலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். சோதித்தாலன்றிக் குறை விளங்காது என்று தோன்றினால், பொருளைத் தகுந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இவற்றை எல்லாம் விவரித்து நான் எழுதிய பிறகு நாலாவது கடிதம் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் உறைகளை இலவசமாக மாற்றித் தருவதாகவும், உற்பத்திக் குறை ஏதும் இல்லை என்று நான் கையெழுத்திட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. வீட்டில், "வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள்" என்றார்கள். யோசனை தப்பில்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே அதே வண்டி இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒருவர் துறைமுகத்துத் தொழிலாளி. மற்றவர் அவ்வண்டியில் மீன் கூடை கட்டிப் பிழைப்பவர். இரண்டிலும் வர்ணம் எழும்பத் தொடங்கியிருக்கிறது. நாளைக்கு அவர்கள் முறையிடப் போனால், என் கையெழுத்தே அவர்களுக்கு எதிர்ச்சாட்சியாகும். எனக்குக் கிடைப்பது பிச்சையானால் அவர்களுக்கு அதுவும் கிடைக்காது; உரிமையானால் அவர்களுக்கும் அது வழி திறக்கும். நான் கையெழுத்திடவில்லை. மனு ஆணையத்தில் இருக்கிறது. தீர்ப்பு வருமுன் அதைப்பற்றி மேலும் எழுதுவது முறையன்று.

நண்பர் ஒருவர், "உள்நாட்டுக் கம்பெனியை இப்படி வழக்குக்கு இழுக்கலாமா? சுதேசி அபிமானம் இல்லையா?" என்று கேட்டார். இதே தூத்துக்குடியில் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து ஆசை காட்டிய காலத்திலும், சுதேசிக் கப்பலை ஆதரித்த ஜனங்கள் இருந்தார்கள். அந்த அன்பு பெரும் மூலதனம். அதைக் குறையை மூடும் போர்வையாக உபயோகித்தால் மூலதனம் கரைந்துபோகும். சுதேசிப் பொருளை வாங்குவது நம் கடமை என்றால், அதில் கண்ட குறையை எடுத்துச் சொல்வதும் அக்கடமையின் பகுதியே. அந்நியப் பொருள் சரியில்லாவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். நம் வீட்டுப் பிள்ளை சரியில்லாவிட்டால் கண்டிக்காமல் இருக்க முடியுமா?

கம்பெனியாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உப்புக் காற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்பது அவர்கள் கொள்கையானால், அதைப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் கடுகு எழுத்தில் ஒளித்து வைக்க வேண்டாம். 'கடற்கரை ஊர்களில் இவ்வர்ணம் நிலைக்காது' என்று கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடட்டும். சென்னை முதல் கன்னியாகுமரி வரை கடலோரத்தில் குடியிருக்கும் ஜனங்கள் அதைப் படித்துவிட்டு, வாங்குவதா வேண்டாமா என்று தாங்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.