19 மணி நேர நாள்

ஜூன் 9, திங்கள்

மரபியல் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து நின்றாள். "எங்க அப்பத்தா ஏழரைக்கே தூங்கிடுவாங்க மேடம், நாலு மணிக்கு முழிச்சிருவாங்க. இதெல்லாம்கூட ஜீன்லயே இருக்குமா?"

வயதானால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்கு இதே தூக்கம். பெர்2 என்ற மரபணுவில் ஏற்பட்ட சடுதிமாற்றமே காரணம் என்று 2001இல் கண்டறிந்தார்கள். அந்தப் பெயர் மனிதனுக்கு ஈயிடமிருந்து வந்தது. நாளை ஈயிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பழ ஈ கூட்டுப்புழு உறையை உடைத்து வெளிவருவது பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமூர் பென்சரிடம் ஆய்வு மாணவராக இருந்த ரொனால்ட் கொனாப்கா, ஈக்களுக்கு ரசாயனம் கொடுத்து மரபணுக்களைக் குலைத்தார். பிறகு அவற்றின் வம்சத்தில் நேரம் தவறி வெளிவருபவற்றைத் தேடினார். மூன்று வகை அகப்பட்டன. ஒன்றுக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொன்றுக்கு 28. மூன்றாவதற்கு இரவு பகல் கணக்கே இல்லை. மூன்றின் பழுதும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில்! 1971இல் வெளியான கட்டுரை. நடத்தை என்றால் எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து செய்கிற குழப்பம், அதைப் பிரித்தெடுக்க முடியாது என்று பலர் நம்பிய காலம் அது.

1984இல் பெர் என்ற அந்த மரபணுவைத் தனியே பிரித்தார்கள். அது உண்டாக்கும் புரதம் இரவில் சேர்ந்துகொண்டே போய், செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே நிறுத்திவிடும். புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்கும். மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வைச் சொன்னேன், வகுப்புக்குப் புரிந்துவிட்டது.

இதைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2017இல் நோபல் பெற்றார்கள். அதற்குள் பென்சர் 2007இலும் கொனாப்கா 2015இலும் காலமாகிவிட்டார்கள். முதல் கதவைத் திறந்தவர் கொனாப்காதான் என்பது என் கட்சி.

ஜூன் 12, வியாழன்

ஈயோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். மீதியை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் எழுதினார்கள். வெளிச்சமே எட்டாத குகையில் இலைமூக்கு வௌவால்களைக் கூண்டில் அடைத்தார்கள். சூரியனைப் பார்க்கவே வழியில்லை. ஆனாலும், சுற்றியிருந்த கூட்டம் மாலையில் கிளம்புவதையும் திரும்புவதையும் ஒட்டியே கூண்டு வௌவால்களும் 24 மணி நேரக் கணக்கைத் தவறவிடவில்லை. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் வைத்தபோது கணக்கு மெல்ல நழுவியது. 1978இல் வந்த முடிவு இது. 1985இல் வயல் சுண்டெலி: வெளிச்ச மாற்றமே இல்லாத இடத்தில், தாய் வந்து போகும் நேரத்தை வைத்தே குட்டிகளின் கடிகாரம் ஓடியது.

நாளின் நீளத்தை மரபணு வைத்திருக்கிறது. மணியைத் திருத்துவதோ வெளிச்சமும் கூட்டமும் தாயும். "சோம்பலுக்கு ஜீன் கண்டுபிடிப்பு" என்று இனி எங்காவது படித்தால், அந்த விலங்கைத் தனியாக வைத்து அளந்தார்களா, கூட்டத்தோடு வைத்து அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள்.