பழைய பிக்அப்பின் பிடிவாதக் கியர்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய பிக்அப் வண்டி கியர் மாற மறுக்கத் தொடங்கினால் பழி முதலில் கியர்பாக்ஸின் தலையில்தான் விழுகிறது. ‘இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்’ என்று பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பும் அந்தப் பழியின் நீட்சியே. உண்மையில் ஓட்டுநரின் கைக்கும் பெட்டிக்குள் சுழலும் பல்சக்கரத்துக்கும் இடையில் லிவர், அதன் அடிப்புஷ், கிளட்ச், அதை இயக்கும் ஆயில் குழாய், மவுண்டிங் ரப்பர் என்று பல உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் எது கெட்டாலும் கைக்கு எட்டும் உணர்வு ஏறத்தாழ ஒன்றே என்பதால், அறிகுறியைப் பிரித்தறியாமல் பெட்டியை இறக்குவது பணத்துக்கும் நாளுக்கும் கேடாகவே பெரும்பாலும் முடிகிறது.

டொயோட்டா ஹைலக்ஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1979இல் நான்கு சக்கர இயக்கத்தைப் பெற்று, 1988இல் ஐந்தாம் தலைமுறையை எட்டிய இந்த வண்டி, இலங்கைத் தமிழர் ‘கெப்’ என்று சொல்லும் வாகன வகையில் நெடுங்காலமாகப் பழக்கமானது. இந்தியாவில் 2022இல்தான் முறையாக விற்பனைக்கு வந்ததென்றாலும், மகிந்திராவின் பழைய ஜீப்புகளை ஓட்டியவர்களுக்கு இதன் அடிப்படை அமைப்பு புதிதன்று. பழைய ஹைலக்ஸின் தரையிலிருந்து இரண்டு லிவர்கள் எழுகின்றன. ஒன்று வழக்கமான கியர்களுக்கு உரியது. மற்றது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, அதாவது கியர்பாக்ஸின் பின்னால் பொருத்தப்பட்டு எஞ்சினின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தனுப்பும் தனிப்பெட்டிக்கு உரியது. எந்த லிவர் முரண்டு பிடிக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘கியர் சரியில்லை’ என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வரும் உரிமையாளர், எதையும் இறக்குவதற்கு மெக்கானிக்கிற்கு உரிமை எழுதிக் கொடுத்தவராகிறார்.

முதன்மையான சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்து, பின் எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே கிளட்சை முழுக்க மிதித்து அதையே திரும்பச் செய்ய வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது எளிதில் விழும் கியர்கள் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், அல்லது ரிவர்ஸ் போடுகையில் கரகரவென்று பல் உரசினால், குற்றம் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் இல்லை. மிதித்த பிறகும் கிளட்ச் முழுமையாக விடுபடாமல் எஞ்சினின் சுழற்சி பெட்டிக்குள் கசிந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

பழைய ஹைலக்ஸில் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அனுப்பும் அழுத்தத்தைக் கீழே கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வாங்கி, கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. இந்தப் பாதையில் சிறிது காற்று புகுந்தாலும், ரப்பர் வாஷர் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள் பின்வாங்கினாலும், ரப்பர் ஹோஸ் உப்பினாலும், காலடியில் முழுப் பெடலும் போகும்; கீழே ஃபோர்க் அசைய வேண்டிய அளவு அசையாது. இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்தபின் கியர் இலகுவாக விழுந்தால் இந்தப் பாதையையே ஐயுற வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் தூசி மறைப்பை விரலால் விலக்கிப் பார்த்து உள்ளே ஈரம் தெரிந்தால் ஐயத்துக்கே இடமில்லை. பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் கம்பியையும் இணைக்கும் பின்னின் துளை ஆண்டுக்கணக்கான மிதியில் முட்டை வடிவமாகத் தேய்ந்துபோவதும், சிலிண்டர் பொருந்தியிருக்கும் தகடே ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் வளைந்துகொடுப்பதும் உண்டு. ஒருவர் மிதிக்க மற்றொருவர் பானெட்டைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும் இந்தக் குறைக்காகப் புதிய கிளட்ச் பிளேட் வாங்கியவர்கள் குறைவல்ல.

எல்லாக் கியரும் அல்லாமல் ஒரே ஒரு கியர் மட்டும், அதிலும் வண்டி ஓடும்போது மட்டும் உரசினால் கதை வேறு. ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் அதன் வேகத்துக்குச் சில அடிகள் ஓடிய பிறகே கம்பியைப் பிடிப்பதுபோல, கியர் பற்றுவதற்கு முன் இரு பகுதிகளின் வேகத்தையும் சமப்படுத்தும் பித்தளை வளையம் ஒவ்வொரு முன்கியருக்கும் உண்டு. சிங்க்ரோ என்று சொல்லப்படுவது அதுதான். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மீண்டும் மிதித்து அடுத்த கியரைப் போடும் இரட்டைக் கிளட்ச் முறையில் உரசல் மறைந்துவிட்டால் வளையம் தேய்ந்துவிட்டது எனலாம். ஆயினும் அந்த முடிவுக்கு வருமுன் உள்ளே இருக்கும் எண்ணெய் எதுவென்று கேட்க வேண்டும். பழைய கியர்பாக்ஸின் இரைச்சலை அடக்குவதற்கென்று 90க்குப் பதில் கனமான 140 ஆயிலை ஊற்றும் பழக்கம் இருக்கிறது. அது சத்தத்தைக் குறைப்பது மெய்யே, ஆனால் கொடைக்கானலிலோ நுவரெலியாவிலோ குளிர்ந்த காலையில் பித்தளை வளையம் அந்தக் கெட்டி எண்ணெயை விலக்கிப் பிடிமானம் பெறுவதற்குள் ஓட்டுநர் லிவரோடு மல்லுக்கட்ட நேர்கிறது. ஜிஎல்-5 தர எண்ணெய் டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்கென்று உருவானது. அதிலுள்ள கந்தக, பாஸ்பரச் சேர்க்கைகள் சில வேளைகளில் பித்தளைக்கு ஆகாதவை என்பதால், பழைய கியர்பாக்ஸுகளுக்கு ஜிஎல்-4 தரமே பாதுகாப்பான தேர்வு.

லிவரே கூழில் துழாவுவதுபோல ஆடுவது இன்னொரு முறையீடு. இதைத் தீர்ப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது. ஹைலக்ஸின் பல கியர்பாக்ஸ்களில் லிவரின் கீழ்முனையில் விரல்நுனி அளவே உள்ள ஒரு நைலான் புஷ் இருக்கிறது. அது தேய்ந்தோ உடைந்தோ போனால் லிவர் எந்த வரிசையில் நிற்கிறதென்றே தெரியாது. வண்டிக்குள் அமர்ந்தபடியே ரப்பர் உறையைத் தூக்கி, லிவரைப் பிடித்திருக்கும் மூடியைத் துணியோடு கீழ்நோக்கி அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் லிவர் மேலே வந்துவிடும். உடைந்த புஷ்ஷின் துணுக்குகளை இடுக்கியால் பொறுக்கி எடுத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும். போட்ட கியர் தானே கழன்று வருவதற்கும் உள்ளே பல் தேய்ந்திருப்பதைத் தவிர வேறு காரணங்கள் உண்டு. மவுண்டிங் ரப்பர் அறுந்து, பாரம் ஏறும்போது பெட்டி முழுவதும் சாய்வதாலோ, லிவர் தரைத்துளையின் விளிம்பில் இடித்து முழுத்தூரம் போகாமல் நிற்பதாலோ அது நேரலாம்.

இனி இரண்டாம் லிவர். பழைய ஹைலக்ஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டை அனுமதிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இயக்கத்துக்குரிய 4எச் நிலையைப் போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்வதால், சேற்றிலும் மணலிலும் சக்கரம் சறுக்கித் தீர்த்துக்கொள்ளும் அந்த வேறுபாடு, தார்ச்சாலையில் தீர வழியின்றி ஷாஃப்ட்டுகளில் முறுக்காகச் சேர்கிறது. அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்களை இறுகப் பிடித்துக்கொள்ள, லிவர் 4எச்சிலிருந்து வர மறுக்கிறது. முன்னும் பின்னும் வெவ்வேறு தேய்மானமுள்ள டயர்கள் இருந்தால் நேர்ச்சாலையிலும் இதுவே நிகழும்: 7 மில்லிமீட்டர் தேய்ந்த டயருக்கும் புதியதற்கும் ஒரு சுற்றில் 44 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 மீட்டராகிறது. இதற்கு மருந்து லிவரைச் சுத்தியலால் தட்டுவதன்று. வண்டியைச் சில மீட்டர் நேராகப் பின்னுக்கு எடுத்தால் முறுக்கு தளர்ந்து லிவர் தானே வரும். முன்சக்கர ஹப்புகளைக் கையால் பூட்டும் வண்டியில், பூட்டாமலே ஓட்டத்தில் 4எச் போட்டுவிட்டுப் பல் உரசுகிறதென்று முறையிடுவதும் வழக்கம். முன் ஷாஃப்ட் அசையாமல் நிற்கையில் உரசாமல் என்ன செய்யும்? 4எல் என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் கியர். அதை வண்டியை நிறுத்திய பிறகே போட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு எஞ்சுவது எண்ணெய் மட்டம். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனித்தனி நிரப்புத் துளைகள் இருப்பதை மறந்து ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதை வறள விடுவது அடிக்கடி நேர்கிறது. வடித்த எண்ணெயில் மெல்லிய பித்தளை மினுமினுப்பு தெரிந்தால் அது சிங்க்ரோ வளையங்களின் இயல்பான தேய்மானமாக இருக்கலாம்; விரலில் நெருடும் இரும்புச் சில் கிடைத்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். சொந்தமாக எண்ணெய் மாற்ற முனைபவர்கள் வடிப்புத் துளையைத் தொடுமுன் மேலுள்ள நிரப்புத் துளையின் நட்டைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. துருப்பிடித்த அந்த நட்டு திரும்ப மறுத்தால், எண்ணெய் வடிந்துபோன வண்டியைப் பட்டறை வரை ஓட்டிச் செல்லவும் முடியாது.