மூணு நொடி

நேத்து மத்தியானம் ஒரு கல்லூரி லேப்ல, இணையத்துக்கு வழி விடுற ப்ராக்ஸி சர்வர் நின்னு போச்சு.
ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்டுட்டிருந்த பிள்ளைங்க ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணாங்க. வேலை தொடர்ந்துச்சு.
மனசு நெறஞ்சு போச்சு எனக்கு.

அங்க ப்ராக்ஸிக்குன்னு வச்சிருக்கிறது ரெண்டு பழைய கம்ப்யூட்டர்தான்.
ரெண்டுலயும் ப்ராக்ஸி வேலைக்கு ஸ்க்விட், ஒண்ணு நின்னா இன்னொண்ணுக்கு மாத்த கீப்அலைவ்டு. எல்லாமே இலவச மென்பொருள்.

ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஐபி முகவரி.
முதல் மெஷின் நொடிக்கொரு தடவை "இருக்கேன்"னு சொல்லிட்டே இருக்கும்.
மூணு நொடிக்கு மேல பேச்சு இல்லன்னா, அந்த முகவரியை ரெண்டாவது எடுத்துக்கும்.
விஆர்ஆர்பிங்கிற இந்த முறை 1998லயே வந்தாச்சு.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க.
மெஷின் ஓடிட்டிருக்கும், உள்ள ஸ்க்விட் செத்திருக்கும். அதையும் சோதிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைக்கணும். இல்லன்னா ரெண்டாவது மெஷின் சும்மாவே உக்காந்திருக்கும்.

எங்க பரளச்சிப் பக்கம் வானம் பாத்த கரிசக்காடு.
மொத மழைய நம்பி வெதச்சது காஞ்சு போனா, திரும்ப வெதைக்கக் கொஞ்சம் வெதை எடுத்து வச்சிருப்பாங்க.
அந்தப் புத்திதான் இது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் யாருக்காகவும் காத்திருக்காது.
உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல, இ-சேவை மையத்துல, ரெண்டாவது வழின்னு ஒண்ணு இருக்கா?