திற்பரப்பும் வைக்கமும்: கரையை அரிக்கும் அலை

சிவாலய ஓட்டத்தின் பன்னிரு தலங்களுள் ஏழாவதான கல்குளம் நீலகண்டசுவாமி திருக்கோயில், தக்கலையை அடுத்த பத்மநாபபுரத்தில் உள்ளது. மூன்றாம் தலமான திற்பரப்பு மகாதேவரைத் தரிசிக்கத் தக்கலையிலிருந்து குலசேகரம் வழியாகச் செல்லலாம். கோயிலை ஒட்டியே கோதையாறு அருவியாய் விழுகிறது. அருவிக்கு மேலே, தடுப்பணையில் தேங்கிய நீரில் படகுச் சவாரி உண்டு. காலால் மிதித்துச் செலுத்தும் படகு எழுப்பும் சிற்றலை, கரைப்புல்லை அசைப்பதோடு அடங்கிவிடுகிறது.

நம் ஊர்ப் பக்தர்கள் பலரும் சென்றுவரும் வைக்கத்தில், வேம்பநாட்டுக் காயலின் நிலைமை வேறு. ஒரு காலத்தில் கழுக்கோல் ஊன்றி நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள், இன்று எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகுவீடுகளாகிவிட்டன. விசைப்படகுகளும் விரைகின்றன. காயலை அடுத்த குட்டநாட்டு வயல்கள் பல, கடல்மட்டத்துக்கும் கீழே உள்ளவை. நீருக்கும் நெல்லுக்கும் நடுவே காவல் நிற்பது ஒரு வரப்புதான். படகு கிளப்பும் அலை அந்த வரப்பின் அடிமண்ணைச் சிறுகச் சிறுக அரிக்கிறது.

அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். கூட்டுவட்டிக் கணக்கிலேயே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, இந்தப் பெருக்கம் புரியச் சிரமமில்லை! குறுகிய கால்வாய்களில் காற்று பெரிய அலையை எழுப்ப இடமில்லை. அங்கே கரை அறியாத அலையைப் படகே கொண்டுவருகிறது. முகப்பு தூக்கி, பின்புறம் அமிழ்ந்து செல்லும் நடுத்தர வேகத்தில்தான் அலை மிகப் பெரிதாகும். ஆகவே சற்றே வேகம் குறைத்தால் போதாது. கரையோரத்தில் ஊர்ந்துதான் செல்ல வேண்டும். கருங்கல் சுவர் எழுப்பினாலோ, மோதிய அலை திரும்பிச் சென்று எதிர்க்கரையையும் தாக்கும். தாழையும் கண்டலும் செறிந்த கரை அதன் வலிமையை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றை வெட்டிவிட்டுச் சுவர் கட்டுவது எனக்கு உவப்பில்லை.

வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’வைப் பக்தர்கள் பார்த்திருக்கலாம். கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் இப்படகு, இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. 75 பேர் அமரலாம். டீசல் புகையும் இரைச்சலும் இல்லை என்பதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். நான் மெச்சுவது அதன் அடிப்பாகத்தை. ஒரே அகன்ற அடிக்குப் பதில் இரண்டு ஒடுங்கிய அடிகள் நீரைக் கிழித்துச் செல்வதால், பின்னே எழும் அலை சிறிது. மகாதேவர் சந்நிதியில் தொழுதுவிட்டு மேற்கே நடந்தால் படகுத்துறை. பின்புறம் நின்று பார்த்தால் அந்த அலை தெரியும்.