பழைய மடிக்கணினியும் கிராபிக்ஸ் கார்டும்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் மடிக்கணினி இல்லாத வீடு இன்று அருகிவிட்டது. ஆயினும் அவற்றுள் பல புதியனவாக வாங்கப்பட்டவை அல்ல. இந்நகரத்துப் பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிடும் இயந்திரங்கள் சாதர் பத்ரப்பா சாலைக்கு வந்து சேர்கின்றன. (எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கு விளங்கும்.) 2021ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில், இணையவழி வகுப்புக்கென நானும் அங்கே 16,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். இன்டெல் ஏழாம் தலைமுறைச் செயலி கொண்ட அவ்வியந்திரம், எங்களிடம் தங்கிப் படிக்கும் என் தமக்கை மகனுக்குப் பள்ளிப் படிப்பு முடியும்வரை குறைவின்றி உழைத்தது.

2025இல் அவன் பொறியியற் கல்லூரியில் இயந்திரவியல் பிரிவிற் சேர்ந்தான். அங்கே இயந்திர பாகங்களை முப்பரிமாண உருவமாகக் கணினியில் வரையப் பயிற்றுகின்றனர். வரைந்த பாகத்தைத் திருப்பிப் பார்க்க முயலுந்தோறும் எங்கள் மடிக்கணினி நின்று நின்று நகர்ந்தது. விசிறி மட்டும் பேரோசையுடன் சுழன்றது. “மாமா, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமாம், கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள்” என்றான். விசாரித்துச் சொல்வதாகக் கூறினேன். அன்றிரவே தருமபுரியிலுள்ள தன் தாயிடம் தொலைபேசியில், “மாமாவுக்கு ஏற்கெனவே செலவு அதிகம் அம்மா, நான் கேட்டிருக்கக் கூடாது” என்று தாழ்ந்த குரலிற் சொல்வது என் செவியில் விழுந்தது. தந்தையில்லாப் பிள்ளை. பணத்தை எண்ணித்தான் மாமா தயங்குகிறார் என்று அவன் உள்ளத்திற் பதிந்துவிடலாகாதே என்பதே அப்போது எனக்குப் பெருங்கவலையாயிற்று.

என் அலுவலகத் தோழரின் தம்பி கணினி பழுது பார்ப்பவர். ஒரு ஞாயிறன்று பையனையும் உடனழைத்துச் சென்றேன். அவர் அடிமூடியைக் கழற்றி மதர்போர்டைக் காட்டினார். எங்களுடைய இயந்திரத்தில் கிராபிக்ஸ் என்று தனியே ஒரு பொருளே இல்லை. செயலியின் உள்ளேயே அதுவும் அடங்கியிருக்கிறது. அச்செயலியோ நுண்ணிய ஈயக்குண்டுகள் போன்ற பற்றுகளால் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. தனிக் கிராபிக்ஸ் சில்லு உள்ள மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் அச்சில்லு இவ்வாறே ஒட்டிக் கிடக்கும். மேசைக்கணினியின் கார்டு, செருகிடத்தின் வழியாக மட்டுமே 75 வாட் வரை மின்சாரம் பெறவல்லது. எங்கள் மடிக்கணினிக்குரிய மின்னிணைப்புச் சாதனம் முழுவதற்கும் தருவது 65 வாட். இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை, வெப்பம் வெளியேற வழியும் இல்லை.

ரயில்வே ஊழியனாகிய எனக்கு இது உடனே விளங்கிற்று. மீட்டர் கேஜ் தண்டவாளத்தின்மீது அகலப்பாதை எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தினால், எஞ்சின் எத்துணை வலிமையுடையதாயினும் ஓராயிரம் மில்லிமீட்டர் அகலத்தில் 1,676 மில்லிமீட்டர்ச் சக்கரம் எங்ஙனம் ஓடும்?

கழற்றி மாட்டும் முறை உலகில் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து எம்.எக்ஸ்.எம். என்னும் சிறு பலகை முறையைக் கொணர்ந்தது. விலையுயர்ந்த, கனத்த சில மடிக்கணினிகளில் மட்டுமே அது இடம்பெற்றது. அவற்றிலும் பலகையின் அளவும் வெப்பத் தகடும் ஒத்துவராத தொல்லை இருந்தது. அமெரிக்காவின் ஃபிரேம்ஒர்க் நிறுவனம் கிராபிக்ஸ் பகுதியைத் தனியே மாற்றத்தக்க 16 அங்குல மடிக்கணினியை 2024 முதல் அனுப்பத் தொடங்கியது. தண்டர்போல்ட் வாயில் உள்ளவற்றில் வெளியே ஒரு பெட்டி வைத்து அதற்குள் கார்டைப் பொருத்தலாம். ஆனால் பெட்டியும் கார்டும் வாங்கும் தொகை, நான் மடிக்கணினிக்குக் கொடுத்த விலையைக் கடந்துவிடும்.

இதனிடையே ஒரு கடையில், “6,000 ரூபாய் கொடுங்கள், 2 ஜி.பி. கிராபிக்ஸ் ஏற்றித் தருகிறோம்” என்றனர். எதை ஏற்றுவீர்கள், கண்ணிற் காட்டுங்கள் என்று கேட்டேன். இயந்திரத்தை விட்டுவிட்டு மாலையில் வாருங்கள் என்றனர். இருக்கின்ற ராமிலிருந்தே ஒரு பங்கைக் கிராபிக்ஸுக்கென ஒதுக்கிக் காட்டும் அமைப்பு பல கணினிகளின் பயாஸில் உண்டு. அவர்கள் அதைத்தான் செய்யக் கருதினரோ, நான் அறியேன். பொருளைக் காட்டாத கடைக்கு நம்மவர் பணங் கொடுக்கலாகாது.

பயன் தந்தது வேறு. செயலிக்குள் அடங்கிய கிராபிக்ஸ், பொது ராமையே தன் நினைவகமாகக் கொள்கிறது. எங்கள் இயந்திரத்தில் 8 ஜி.பி. ராம் ஒன்று மட்டும் இருந்தது. மற்றொரு செருகிடம் வெறுமையாய்க் கிடந்தது. அதே அளவில் இன்னொன்றைச் செருகினால் தரவு இருவழிப் பாதையிற் செல்லும். பழைய ராம் ஒன்றை வாங்கிப் பொருத்தி, விசிறியின் தூசியைத் துடைத்து, உலர்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்றினோம். கூலியுடன் 2,700 ரூபாய் ஆயிற்று. ஒற்றைப் பாகம் இப்போது தடையின்றிச் சுழல்கிறது. பல பாகங்கள் கூடிய முழு இயந்திரத்தைத் திறந்தால் பழைய தள்ளாட்டம் உண்டு. அதற்கு அவன் கல்லூரி ஆய்வகத்தில் மாலை ஆறு மணிவரை இருந்துவிட்டு வருகிறான். ராமை அவனே தன் கையாற் செருகினான். அன்றிரவு தாயிடம் அவன் பேசியது கணினியைப் பற்றியே. என் செலவைப் பற்றியன்று.

செருகிடம் காலியாக உள்ளதா என்றறிய மூடியைக் கழற்ற வேண்டுவதில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்னும் இடத்தைப் பார்த்தால் இரண்டில் எத்தனை நிரம்பியுள்ளது என்பது தெரியும். சில மெல்லிய மடிக்கணினிகளில் ராமும் ஒட்டப்பட்டே வரும். அவற்றில் இவ்வழியும் இல்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டுப் பயனருக்கு மைக்ரோசாஃப்ட் தந்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரையே. எங்கள் ஏழாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. லினக்ஸ் இடலாம் என்றால், கல்லூரியிற் பயிற்றும் வரைமென்பொருள் அதில் இயங்காது. ஆகவே அடுத்த சீட்டு விழும்போது, கார்டு செருக இடமுள்ள பழைய மேசைக்கணினி ஒன்றை எஸ்.பி. ரோட்டிற் பார்ப்பதென்று நானும் என் தமக்கையும் பேசி வைத்திருக்கிறோம். கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது பையனின் யோசனை.