கப்பலுக்கு முன் இரண்டு நாள்

மும்பையில் சுற்றுலாக் கப்பல் ஏறப்போகும் தமிழர்களுக்குக் காரும் வேண்டாம், கடற்கரை ஓட்டலும் வேண்டாம். செம்பூர், மாட்டுங்கா, தாராவி இருக்கின்றன.

தமிழில் கப்பலேறுவது என்றால் நெடுங்காலம் ஒரே அர்த்தம்தான்: பிழைக்கப் போவது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ‘ரஜூலா’விலும் ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலிலும் ஏறியவர்கள் கடலை ரசிக்க ஏறவில்லை. 1985-ல் சிதம்பரம் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது ஏறுகிறவர்கள் வேறு ரகம். ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த தம்பதி, பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு கிளம்பும் குடும்பம். 2021 செப்டம்பரில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று இரண்டு முதல் ஐந்து இரவுப் பயணங்கள். 2022 ஜூனில் அதே கப்பல் சென்னைக்கும் வந்தது. ஆனாலும் நாட்டின் முக்கியமான பயணிகள் கப்பல் துறைமுகம் மும்பைதான்.

சிக்கல் என்னவென்றால், மும்பை தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு நாள் தூரம். தென்கோடியிலிருந்து வந்தால் அதற்கும் மேல். ரயில் தாமதமாகலாம். கப்பல் காத்திருக்காது. துறைமுகத்துக்கு வந்துசேர வேண்டிய கடைசி நேரம் பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும். அது கப்பல் புறப்படும் நேரத்துக்குச் சில மணி முன்னதாகவே இருக்கும். அதைத் தவறவிட்டால் கட்டிய பணம் பெரும்பாலும் போனதுதான். ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்களின் மானம் மட்டும் கப்பலேறும். ஆகவே கப்பலுக்கு இரண்டு இரவு முன்னதாக மும்பைக்கு வந்துவிடுவதே புத்திசாலித்தனம். அந்த இரண்டு நாளை எங்கே, எப்படிக் கழிப்பது?

கையில் வரைபடம் இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பழைய மும்பை வடக்கு தெற்காக நீண்ட, ஒடுங்கிய நிலம். கிழக்குக் கரை துறைமுகத்துக்கு. மேற்குக் கரை காற்று வாங்குகிறவர்களுக்கு. கப்பல் நிற்கும் பாலார்டு பியர் ஒரு பக்கம். சூரியன் மறைவதைப் பார்க்கும் சௌபாத்தி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, நீளவாக்கில், ரயில் பாதைகள். சாலைகளும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அவற்றில் வண்டிகள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. ஊர் தெரியாதவர் வாடகைக் கார் எடுத்து ஓட்டினால் கடலைவிட எதிர்வண்டியின் பின்விளக்கைத்தான் அதிக நேரம் பார்ப்பார். அதை நிறுத்த இடம் தேடுவது தனிக் கதை.

தெற்கிலிருந்து ரயிலில் வந்திறங்குகிறவர்களை ஏற்றுத் தங்கவைப்பது மும்பையின் தமிழ்ப் பகுதிகளுக்குப் புதிதல்ல. அவை உருவானதே அதற்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் தாராவியில் குடியேறினார்கள். 1896-ல் நகரத்தைப் பிளேக் நோய் தாக்கியது. அதையடுத்து அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர்-மாட்டுங்கா பகுதியை அகலத் தெருக்களும் தோட்டங்களுமாக வகுத்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் அங்கே குடியேறினார்கள். அந்த இடமும் போதாமல் போனபோது அடுத்த தலைமுறை செம்பூருக்கு நகர்ந்தது. மூன்று இடங்களும் மூன்று அலைகள்.

கோயம்புத்தூரிலிருந்து ‘குர்லா எக்ஸ்பிரஸ்’ என்று எல்லோரும் சொல்லும் வண்டியில் வரும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் இறங்கும் லோகமான்ய திலக் டெர்மினஸ், கப்பல் துறையிலிருந்து வெகு தூரம். ஆனால் செம்பூருக்கு மிக அருகில். வெளியே வந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் செம்பூர் விடுதி வாசலில் இறங்கலாம். மூட்டையோடு லோக்கல் ரயிலில் ஏறும் சாகசம் முதல் நாளே வேண்டாம்.

செம்பூரில் அன்று மாலைக்கு ஒரு வேலை போதும். சேடா நகரில் குன்றின் மேல் இருக்கிறது முருகன் கோயில். திருச்செம்பூர் என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். 108 படி. முழங்கால் ஒத்துழைத்தால் ஏறலாம். அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்பது தமிழில்தான். படியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த ரயிலில் கூட்டம் குறைவு என்பது முதல் எந்த மெஸ்ஸில் ரசம் நன்றாக இருக்கும் என்பது வரை தகவல் கிடைக்கும். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத தகவல்கள் அவை.

இரண்டாம் நாள்தான் ஊர் சுற்றும் நாள். கையில் பை இல்லாததால் ரயிலுக்கு ஏற்ற நாளும் அதுவே. ஆனால் நேரம் முக்கியம். காலை எட்டு முதல் பதினொன்று வரை ஊரே தெற்கு நோக்கிப் போகிறது. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை வடக்கு நோக்கித் திரும்புகிறது. அந்த வேளைகளில் எதிர்த்திசையில் போகிறவர் உட்கார்ந்தே போகலாம். ரயில் ஒரு நிலையத்தில் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. இறங்க வேண்டிய நிலையத்துக்கு முன்பே கதவருகே வந்து நிற்பது மும்பைப் பழக்கம். மனைவி பெண்கள் பெட்டியிலும் கணவர் பொதுப் பெட்டியிலும் ஏறினால் எங்கே இறங்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பேசி வைக்கும்போது பெயரைச் சரியாகச் சொல்வது அவசியம். மாட்டுங்கா என்பது மத்திய ரயில்வே. மாட்டுங்கா ரோடு என்பது மேற்கு ரயில்வே. கிங்ஸ் சர்க்கிள் என்பது துறைமுகப் பாதை. மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருந்தாலும் வேறுவேறு நிலையங்கள். மத்திய ரயில்வேயின் மாட்டுங்காவில் வேக ரயில்கள் நிற்பதில்லை. ‘ஸ்லோ’ வண்டிதான் பிடிக்க வேண்டும்.

ஆட்டோவிலேயே மாட்டுங்காவுக்குப் போய்விடலாம் என்று நினைத்தால் நடக்காது. மும்பையில் ஆட்டோவுக்கு எல்லை உண்டு. கிழக்கில் சயான், மேற்கில் பாந்த்ரா - மாஹிம். அதற்குத் தெற்கே கறுப்பு-மஞ்சள் டாக்சி மட்டும்தான்.

மாட்டுங்காவில் காலைச் சிற்றுண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கிங்ஸ் சர்க்கிள் அருகே 1940-ல் தொடங்கிய கபே மெட்ராஸ், பெயரில்தான் மெட்ராஸ். நடத்துகிறவர்கள் கர்நாடகக் கடற்கரையைச் சேர்ந்த காமத் குடும்பத்தினர். ரயில் நிலையத்தை ஒட்டி மாடியில் இருக்கும் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-ல் வந்தது. வாழையிலைச் சாப்பாடு. இந்தச் சாப்பாட்டுக் கடைகள் ருசிக்காகத் திறக்கப்பட்டவை அல்ல. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த குமாஸ்தாவுக்கு, வெளியூரில் வயிறு கெடாமல் இருக்க, மாதக் கணக்கில் சாப்பாடு போட்டவை. பயணத்துக்கு நடுவே இருப்பவருக்கு இன்றும் அதே உதவியைத்தான் செய்கின்றன: அறிமுகமான சாப்பாடு. மறுநாள் கடல் ஆடப்போகும் வயிற்றுக்கு அது சின்ன விஷயமில்லை. ஒரே எச்சரிக்கை, இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை.

சாப்பிட்டபின் நடக்கலாம். பூக்கடைகளில் மல்லிகை முழம் போட்டுத் தருவார்கள். வாழையிலையும் வாழைப்பூவும் நாட்டு மருந்துச் சரக்கும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரியவர்களுக்குக் கொச்சு குருவாயூர் என்று அழைக்கப்படும் ஆஸ்திக சமாஜக் கோயில் இருக்கிறது. சங்கீதப் பிரியர்கள் சண்முகானந்தா அரங்கில் அன்று மாலை என்ன கச்சேரி என்று விசாரிக்கலாம். 1990-ல் தீக்கிரையாகி, 1998-ல் மறுபடி திறக்கப்பட்ட அரங்கம் அது.

மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ வண்டியில் அடுத்த நிலையம் சயான். அங்கிருந்து மேற்கே தாராவி. இங்கேதான் பயணி கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘நாயகன்’, ‘காலா’ பார்த்துவிட்டு வருகிறவர்கள் சினிமாவில் கண்ட சந்துகளைத் தேடிப் படம் பிடிக்கக் கிளம்புவதுண்டு. தாராவி காட்சிப் பொருள் அல்ல. வேலை நடக்கும் இடம். தோல் பைகள், பெல்ட்டுகள், பர்ஸ்கள் விற்கும் கடைகள் சாலையோரமே இருக்கின்றன. கடைக்காரர் தமிழில் விலை சொன்னாலும் பேரம் பேசத்தான் வேண்டும். நகரமெங்கும் காலையில் சைக்கிளில் ஹார்ன் அடித்து விற்கப்படும் இட்லியில் பெரும்பங்கு இங்குள்ள வீடுகளில் விடியுமுன் வெந்தது. தொண்ணூறு அடிச் சாலையில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. தைப்பொங்கலன்று பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் சாலை அது.

இந்தச் சாலை எத்தனை நாள் இப்படியே இருக்கும் என்பதுதான் அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2000-ம் ஆண்டுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடி அறையில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. புதிய வீடு கிடைத்தால் போதும் என்பவர்களும் உண்டு, தொழில் போய்விடுமே என்பவர்களும் உண்டு. ஆனால் ஊரிலிருந்து புதிதாக வந்திறங்குகிறவன் முதலில் தலைசாய்ப்பது அந்த மாடி அறையில்தான். நூறாண்டுக்கு மேலாக வந்தவர்களை ஏற்றுக்கொண்ட இடத்தில் இப்போது யார் எப்போது வந்தார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். இரண்டு நாள் விருந்தாளி அதைத் தெரிந்துகொண்டு நடப்பது மரியாதை. வீட்டு வாசலில் கேமராவை நீட்டாமல் இருப்பதும் அதில் அடக்கம்.

மாலை கடற்கரைக்கு. இதில்தான் மும்பை சமீபத்தில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. ஆரே காலனியிலிருந்து விமான நிலையம் வழியாகத் தென்கோடி கஃபே பரேடு வரை 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்க மெட்ரோ 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. தாராவி பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. தாதர், கிர்காவ், சர்ச்கேட் எல்லாம் அதே பாதை. லிப்ட் இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, கதவருகே தொங்க வேண்டியதில்லை. விமானத்தில் வந்திறங்குகிறவர்களுக்கும் இதுவே வழி. சர்ச்கேட்டில் இறங்கி மெரைன் டிரைவ் சுவரில் சற்று உட்கார்ந்துவிட்டு, கடலோரமாகவே கிர்காவ் சௌபாத்திக்கு நடந்தோ டாக்சியிலோ போகலாம். மெரினாவில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது கடலில் விழுவதைப் பார்ப்பது விநோதமாக இருக்கும். ஆனால் இது குளிக்கிற கடலல்ல. பேல்பூரி சாப்பிட்டு, காற்று வாங்கி, எழுந்து வருகிற கடல்.

திரும்பும்போது மாலைக் கூட்டம் வடக்கு நோக்கிப் போகும். ஒன்பது மணி வரை கடற்கரையில் இருந்துவிட்டுக் கிளம்பினால் பிழைத்தார்கள்.

மூன்றாம் நாள் மூட்டை நாள். அன்று ரயில் வேண்டாம். செம்பூரிலிருந்து தென் மும்பைக்கு 2013-ல் திறக்கப்பட்ட கிழக்கு ஃப்ரீவே இருக்கிறது. சுமார் 17 கிலோமீட்டர். அது இறங்கும் பி. டி’மெல்லோ சாலை துறைமுகத்தை ஒட்டியே போகிறது. டாக்சிக்காரரிடம் ‘கப்பல்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எலிபெண்டா படகுக்காகக் கேட்வேக்கோ, மாண்ட்வா போகும் படகுக்காகப் பாவுச்சா தக்காவுக்கோ கொண்டுபோய் விட வாய்ப்புண்டு. சுற்றுலாக் கப்பல்களுக்கான பன்னாட்டு முனையம் இருப்பது பாலார்டு பியரில், இந்திரா டாக் பக்கம். 2025 செப்டம்பர் 20 அன்று திறந்து வைக்கப்பட்ட புதிய கட்டடம். எந்த வாயில் என்பதைப் பயணச்சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

ரயிலில்தான் போவேன் என்பவர்கள் கிழமையைப் பார்க்க வேண்டும். ஞாயிறுகளில் பராமரிப்புக்காக ‘மெகா பிளாக்’ என்று பகல் முழுக்கச் சில தடங்களை நிறுத்திவிடுவார்கள். செம்பூர் வழியாகப் போகும் துறைமுகப் பாதையும் அடிக்கடி அந்தப் பட்டியலில் இருக்கும். செம்பூரிலிருந்து கிளம்பும் மோனோ ரயிலும் மேம்பாட்டுப் பணிக்காக 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடாமல் இருப்பதே பத்திரம். சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்கள் சி.எஸ்.எம்.டி. நிலையத்தில், பழையவர்கள் வாயில் இன்னும் வி.டி.தான், பொருள் காப்பறையில் பெட்டியைப் பூட்டிப் போட்டுவிட்டு வெளியே நடக்கலாம். துறைமுகம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்.

நடக்கிற வழியில் பாலார்டு எஸ்டேட். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்டின் கைவண்ணம். ஒரு காலத்தில் இங்கே கப்பல் துறை வரைக்கும் ரயில் வந்தது. 1928-ல் தொடங்கிய பிரான்டியர் மெயில், லண்டனிலிருந்து தபால் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்களை இங்கேயே ஏற்றிக்கொண்டு பெஷாவருக்குப் போனது. அந்தத் துரைமார்களுக்குக் கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவே பத்தடிதான் இடைவெளி. தெற்கிலிருந்து மூன்றாம் வகுப்பில் வந்தவர்களுக்கு அந்த இடைவெளியை நிரப்பியது தாராவி அறையும் மாட்டுங்கா சாப்பாடும்தான்.

பேரப்பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டோடு இப்போது வருகிறவர்களுக்கும் அவை இருக்கின்றன. பகல் பன்னிரண்டு மணிக்குள் பாலார்டு பியர் போய்ச் சேர்ந்துவிட்டால், அப்புறம் அவசரப்பட எதுவுமில்லை.